ஒரே பெயரில் மூன்று விருதுகள்: நரம்பு மருந்தியலில் சாதனையும் வழிகாட்டலும்

அமெரிக்காவில் ஜூலியஸ் ஆக்சல்ராட் என்ற ஒரே நரம்பு மருந்தியலாளரின் பெயரில் மூன்று அறிவியல் அமைப்புகள் மூன்று விருதுகள் தருகின்றன. நரம்பறிவியல் சங்கம் தரும் பரிசுக்கு இரண்டு தகுதிகள் வேண்டும்: நரம்பு மருந்தியலிலோ அதையொட்டிய துறையிலோ பெரிய சாதனை, இளம் ஆய்வாளர்களை வளர்த்துவிட்டதில் முன்மாதிரியான பணி. 1908இல் தொடங்கிய மருந்தியல் சங்கத்தின் விருதும் ஏறக்குறைய இதே இரட்டைக் கணக்கைத்தான் கேட்கிறது. மருந்து உடலுக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதை உயிர்வேதியியல் அளவில் விளக்கியிருக்க வேண்டும், பிறரையும் உருவாக்கியிருக்க வேண்டும். மூன்றாவதைத் தருவது நரம்பு உளமருந்தியலாளர்களின் அவை. அது வழிகாட்டல் ஒன்றையே பார்க்கிறது.

இதே மருந்தியல் சங்கம் ஆக்சல்ராடின் ஆசிரியரான பெர்னார்ட் பிராடியின் பெயரிலும் ஒரு விருது வைத்திருக்கிறது. அது மருந்து வளர்சிதை மாற்றத்தில் செய்த அடிப்படை ஆய்வுக்கானது. வழிகாட்டல் பற்றி அதில் பேச்சே இல்லை. ஆசிரியருக்கு ஆய்வின் பேரில் விருது, மாணவருக்கு வழிகாட்டலின் பேரில் விருது. எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் இது தலைகீழாக இருந்திருக்க வேண்டும். ஆக்சல்ராடை ஆய்வுக்குள் இழுத்துவந்தவர் பிராடி. பின்னாளில் நோபல் பெற்ற அர்விட் கார்ல்சன் சில மாதங்கள் உட்கார்ந்து வேலை கற்ற ஆய்வகமும் பிராடியுடையது. சிட்னி உடன்ஃப்ரெண்ட், ஆல்ஃபிரட் பிளெட்ஷர் என்று நரம்பு வேதியியலின் முதல் தலைமுறையில் பாதிப்பேர் அந்த வாசலை மிதித்தவர்கள்தாம். பிறகு ஏன் பிராடியின் பெயர் அந்த இடத்துக்கு வரவில்லை? வழிகாட்டலுக்கு விருது தரலாமா, தந்தால் எதை அளந்து தருவது என்ற கேள்விக்கெல்லாம் இந்த ஒரு கேள்வி வழியாகவே போய்விடலாம்.

ஆக்சல்ராட் 1912இல் நியூயார்க்கின் கிழக்குப் பகுதிச் சேரி ஒன்றில் பிறந்தவர். பெற்றோர் போலந்துப் பக்கத்திலிருந்து வந்த யூதக் குடியேறிகள். அப்பா பூக்கடைகளுக்கும் மளிகைக் கடைகளுக்கும் கூடை பின்னி விற்றவர். நகரத்தின் இலவசக் கல்லூரியில் ஆக்சல்ராட் 1933இல் பட்டம் பெற்றார். மருத்துவம் படிக்க ஆசை. யூத மாணவர்களுக்கு ஒதுக்கீட்டு வரம்பு வைத்திருந்த காலம் அது. எந்த மருத்துவக் கல்லூரியும் இடம் தரவில்லை. மாதம் 25 டாலர் சம்பளத்தில் ஒரு பாக்டீரியா ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். பிறகு நகரச் சுகாதாரத் துறையோடு இணைந்த ஒரு பரிசோதனைக்கூடத்தில், உணவுப் பொருள்களில் சேர்க்கும் வைட்டமின்களை அளந்து பார்க்கும் வேலை. அங்கே அம்மோனியா புட்டி ஒன்று வெடித்து ஒரு கண் போயிற்று. இரவு வகுப்புகளில் படித்து முதுநிலைப் பட்டம் வாங்கினார். 33 வயதுவரை அவர் செய்தது அன்றாடப் பரிசோதனை வேலை. அதற்கு மேல் போக வேண்டும் என்ற எண்ணம்கூட அவருக்குப் பெரிதாக இருந்ததாகத் தெரியவில்லை.

1946இல் ஒரு சிக்கல் வந்தது. தலைவலி மாத்திரைகளில் அப்போது அசெட்டனிலைடும் ஃபெனாசெட்டினும் சேர்ப்பது வழக்கம். அவற்றை அதிகமாக உட்கொண்ட சிலருக்கு ரத்தத்தின் ஹீமோகுளோபின் திரிந்து, ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய், உடம்பு நீலம் பாரித்தது. காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லி ஆக்சல்ராடிடம் வேலை வந்தது. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நின்றபோது, கோல்ட்வாட்டர் நினைவு மருத்துவமனையில் இருந்த பிராடியிடம் அனுப்பிவைத்தார்கள். அந்த மருத்துவமனையில் ஜேம்ஸ் ஷானன் தலைமையில் போர்க்கால மலேரியா மருந்து ஆய்வு நடந்திருந்தது. ரத்தத்தில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று அளக்கும் முறைகளை அங்கே பிராடி உருவாக்கியிருந்தார். மருந்தை எவ்வளவு கொடுத்தோம் என்பதைவிட ரத்தத்தில் எவ்வளவு நிற்கிறது என்பதே முக்கியம் என்ற நோக்கு அந்தக் குழுவினுடையது.

அந்தச் சந்திப்பில் பிராடி கற்றுக்கொடுத்தது ஒரு கேள்வியை. உடம்புக்குள் போன மருந்து என்னவாக மாறுகிறது? அசெட்டனிலைடிலிருந்து அனிலின் வரக்கூடுமே, அதுதான் ரத்தத்தைக் கெடுக்கிறதா? ஆக்சல்ராட் அதை அளப்பதற்கு ஒரு முறை கண்டுபிடித்துச் சோதித்தார். ரத்தத்தில் அனிலின் இருந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது: அசெட்டனிலைடின் பெரும்பகுதி வேறொரு பொருளாக மாறுகிறது, வலியைத் தணிப்பது அந்தப் பொருள்தான், அதனால் ரத்தத்துக்குக் கேடும் இல்லை. 1948இல் இருவரும் அதை வெளியிட்டார்கள். நம் வீட்டு அலமாரிகளில் காய்ச்சலுக்கென்று கிடக்கும் பாராசிட்டமால்தான் அந்தப் பொருள். அதை வேதியியலாளர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே செய்துவிட்டார்கள். ஆபத்தானது என்று தவறாக ஒதுக்கியும் விட்டார்கள். அதற்கு மறுவாழ்வு கொடுத்தது இந்த ஆய்வு. வைட்டமின் அளந்துகொண்டிருந்த ஒருவரால் ஆய்வு செய்ய முடியும் என்று அவருக்கே தெரியவந்ததும் இதனால்தான். வழிகாட்டல் என்று விருதுக் குறிப்புகள் சொல்லும் சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது இதுதான். சரியான நேரத்தில் சரியான கேள்வியைக் கையில் கொடுத்துவிட்டு, உன்னால் முடியும் என்பதுபோல நடந்துகொள்வது.

1949இல் ஷானன் வாஷிங்டனுக்கு அருகே பெத்தெஸ்டாவில் தேசிய இதய நிறுவனத்தின் ஆய்வுப் பொறுப்பை ஏற்றபோது பிராடியும் ஆக்சல்ராடும் உடன் போனார்கள். அங்கேதான் விரிசல் விழுந்தது. ஆம்பெட்டமின் போன்ற மருந்துகள் உடலில் எப்படிச் சிதைகின்றன என்று ஆக்சல்ராட் தனியாகத் தேடிக்கொண்டிருந்தார். கல்லீரல் செல்களின் நுண்பகுதியில் இருக்கும் ஒரு நொதி அமைப்பு, ஆக்சிஜனின் துணையோடு அவற்றை மாற்றுகிறது என்று கண்டார். மருந்துகள் நம் உடலில் எவ்வளவு நேரம் நிற்கும், ஒரு மருந்து இன்னொன்றோடு ஏன் மோதும் என்பதற்கெல்லாம் அடிப்படை அது. பிற்காலத்தில் சைட்டோகுரோம் பி450 என்று பெயர் பெற்ற நொதிக் குடும்பத்தின் கதவு. இதன் வீச்சை உடனே உணர்ந்த பிராடி ஆய்வகத்தையே அந்தப் பக்கம் திருப்பினார். 1955இல் சயன்ஸ் இதழில் வந்த கட்டுரையில் ஏழு பெயர்கள். முதலில் பிராடி, மற்ற ஆறும் ஆங்கில அகர வரிசையில். ஆக்சல்ராட் இரண்டாவதாக வந்தது அந்த அகர வரிசையின் புண்ணியம்.

பிராடி தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆய்வகம் அவருடையது, கேள்வியின் வேர் அவருடையது, அளவிடும் முறைகளும் அவர் வளர்த்தவை. ஆனால் ஏழெட்டு ஆண்டுகள் கூட இருந்தவருக்கு அது ஆறாத வடுவாயிற்று. முனைவர் பட்டம் இல்லாததால் பதவி உயர்வும் கிடைக்காது என்று புரிந்தது. நாற்பதைக் கடந்த வயதில், பெயரெடுத்த கட்டுரைகளை எல்லாம் எழுதியான பிறகு, ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்து 1955இல் பட்டம் வாங்கினார். அதே ஆண்டில் தேசிய மனநல நிறுவனத்தில் தனக்கென்று ஒரு சிறு பிரிவைப் பெற்றார்.

பிராடியின் பெயர் வழிகாட்டல் விருதுக்கு வராததற்கு என் பதில் இந்த இடத்தில் இருக்கிறது. அவர் திறமைசாலிகளை உண்டாக்கினார். விளைச்சலைத் தன் களஞ்சியத்திலேயே சேர்த்தார். ஆக்சல்ராட் அந்த அனுபவத்திலிருந்து இரண்டையும் எடுத்துக்கொண்டார்: கேள்வி கேட்கும் முறையை அப்படியே, பெயர் பங்கிடும் முறையை நேர்மாறாக.

மனநல நிறுவனத்தில் அவருக்கு வாய்த்த தலைவர் சீமோர் கெட்டி. இவரைப் பற்றி விருதுக் குறிப்புகளில் அதிகம் எழுதுவதில்லை, எழுத வேண்டும். நொதியியலும் மருந்தியலும் தெரிந்த ஒருவரை, மனநலத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அவரே சொல்லிக்கொண்ட நிலையில், மனநல நிறுவனத்துக்குள் ஏற்றுக்கொண்டவர் கெட்டி. இதைத்தான் ஆராய வேண்டும் என்று கட்டளையிடவும் இல்லை. ஒரு கருத்தரங்கில், அட்ரினலின் உடலில் தவறாகச் சிதைந்து மனச்சிதைவை உண்டாக்குகிறது என்று அப்போது உலவிய கருதுகோளைக் கெட்டி விளக்கினார். அப்படியானால் அட்ரினலின் சரியாக எப்படிச் சிதைகிறது என்பதே யாருக்கும் தெரியாதே என்று ஆக்சல்ராடுக்குத் தோன்றிற்று. அந்தக் கருதுகோள் சொன்ன நொதியை அவர் தேடினார், கிடைக்கவில்லை. வேறு ஒன்று கிடைத்தது: அட்ரினலின் வகைப் பொருள்களைச் செயலிழக்கச் செய்யும் காம்ட் என்ற நொதி, 1957இல். பார்க்கின்சன் நோயாளிகளுக்கு இன்று தரும் சில மருந்துகள் இந்த நொதியைத் தடுத்துத்தான் வேலை செய்கின்றன.

ஆனாலும் ஒரு முடிச்சு அவிழவில்லை. காம்டையும் அதற்கு முன்பே தெரிந்திருந்த மற்றொரு நொதியையும் தடுத்தாலும், நரம்பு வெளியிட்ட நார்அட்ரினலினின் வேலை சட்டென்று நின்றுபோகிறது. எப்படி? அசெட்டைல்கோலினை ஒரு நொதி உடைப்பதுபோல எல்லா நரம்புக் கடத்திகளையும் ஏதோ ஒரு நொதி உடைத்தாக வேண்டும் என்று துறையே நம்பியிருந்த காலம். கதிரியக்கக் குறியிட்ட நார்அட்ரினலினைக் கெட்டி தன் ஆய்வுக்கென்று தருவித்திருந்தார். அதில் கொஞ்சம் கேட்டு வாங்கினார் ஆக்சல்ராட். ஆஸ்திரியாவிலிருந்து வந்திருந்த கியோர்க் ஹெர்ட்டிங்கோடு சேர்ந்து செய்த சோதனை எளிமையானது. பூனையின் கழுத்தில் ஒரு பக்கத்து நரம்பு முடிச்சை மட்டும் எடுத்துவிட்டார்கள். நரம்பு இழைகள் பட்டுப்போகச் சில நாள் விட்டு, குறியிட்ட நார்அட்ரினலினை ரத்தத்தில் செலுத்தினார்கள். நரம்பு இருந்த பக்கத்துத் திசுக்களில் கதிரியக்கம் தேங்கியது. நரம்பு இல்லாத பக்கத்தில் ஏறக்குறைய இல்லை. நரம்பு தான் வெளியிட்டதைத் தானே திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது என்பது அதன் பொருள். கொகெய்னும், மனச்சோர்வுக்குத் தரும் இமிப்ரமினும் இந்த உறிஞ்சலைத் தடுக்கின்றன என்பது அடுத்தடுத்து வெளிவந்தது. 1970இல் பெர்னார்ட் காட்ஸ், உல்ஃப் வான் ஆய்லர் ஆகியோரோடு நோபல் பரிசு.

இந்தச் சோதனைகளின் கட்டுரைகளைப் புரட்டினால் கண்ணில் படுவது பெயர் வரிசை. விட்பி, ஹெர்ட்டிங், குளோவின்ஸ்கி, வர்ட்மன், ஐவர்சன், ஸ்னைடர் என்று ஓரிரு ஆண்டுகளுக்கென்று வந்துபோன இளைஞர்களின் பெயர்கள் முன்னால், ஆக்சல்ராட் பின்னால். ஆய்வகம் சிறியது. ஒரே நேரத்தில் ஒரு சிலர்தான். அவரும் ஆய்வக மேசையில் நின்று கைப்படச் சோதனை செய்வார். பெரிய கருவிகள் இல்லை. பிராடியின் ஆய்வகத்தைப்போல நள்ளிரவில் யாரையும் அழைத்துப் பேசும் நாடகமும் இல்லை. முடிவு சீக்கிரம் தெரியக்கூடிய சிறிய சோதனையை முதலில் செய், பலன் தெரிந்தால் விரிவாக்கு என்பது அவர் கைக்கொண்ட முறை. அங்கிருந்து போன ழாக் குளோவின்ஸ்கி பாரிசிலும், லெஸ்லி ஐவர்சன் கேம்பிரிட்ஜிலும், ரிச்சர்ட் வர்ட்மன் மாசசூசெட்சிலும், சாலமன் ஸ்னைடர் பால்டிமோரிலும் தனித்தனிப் பள்ளிகளைக் கட்டினார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நரம்பு மருந்தியல் ஒரே மொழியில் பேசத் தொடங்கியதற்கு இந்த ஒரு சிறு அறை பெரிய காரணம்.

இதில் ஆக்சல்ராடின் குணத்துக்கு மட்டும் எல்லாப் பெருமையையும் கொடுத்துவிட முடியாது. வியட்நாம் போர்க்காலத்தில் இளம் மருத்துவர்கள் கட்டாய ராணுவப் பணிக்குப் போக வேண்டியிருந்தது. அதற்கு ஈடாகப் பொதுச் சுகாதாரப் பணியில் சேர்ந்து தேசியச் சுகாதார நிறுவனங்களில் இரண்டாண்டு ஆய்வு செய்யலாம் என்று ஒரு வழி இருந்தது. நாட்டின் மிகச் சிறந்த மருத்துவப் பட்டதாரிகள் அந்த இடங்களுக்குப் போட்டியிட்டார்கள். பின்னாளில் நோபல் பெற்ற மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன், ஹெரால்ட் வார்மஸ், ராபர்ட் லெஃப்கோவிட்ஸ் நால்வருமே 1960களின் இறுதியில் அந்த வளாகத்தில் இருந்தவர்கள். சலித்தெடுத்த விதையை அரசே வாசலில் கொண்டுவந்து கொட்டிய காலம் அது. இன்று ஒரு மூத்த ஆய்வாளர் எத்தனை பேரை உருவாக்கினார் என்று எண்ணி விருது தரும்போது, அவரிடம் யார் வந்து சேர்ந்தார்கள் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டியிருக்கிறது. பெயர்பெற்ற நிறுவனத்தில் இருப்பவருக்கு நல்ல மாணவர் தாமாக வருவர். அதிகம் அறியப்படாத பல்கலைக்கழகத்தில் சாதாரண மதிப்பெண்ணோடு வந்தவரை ஆய்வாளராக்கியவரின் உழைப்பு எந்தக் குறிப்பிலும் ஏறாது.

அடுத்த தலைமுறையில் கதை இன்னும் சிக்கலாகிறது. ஸ்னைடர் தன் ஆசிரியரிடம் கற்ற முறைகளை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார். 1973இல் அவரும் அவரது மாணவி கேண்டஸ் பெர்ட்டும் மூளையில் ஓபியம் வகைப் பொருள்கள் போய் ஒட்டும் ஏற்பியைக் காட்டினார்கள். ஓபியத்தின் விளைவை முறிக்கும் நலாக்சோனைக் கதிரியக்கக் குறியிட்டு மூளைத் திசுவோடு கலந்து, ஒட்டாததை வேகமாக வடிகட்டி, ஒட்டியதை அளந்த சோதனை. அதே ஆண்டில் நியூயார்க்கில் எரிக் சைமனும், ஸ்வீடனில் லார்ஸ் டெரேனியசும் தனித்தனியே அதே முடிவை எட்டினார்கள். 1975இல் ஸ்காட்லாந்தின் ஆபர்டீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்சும், உடம்பே உற்பத்தி செய்யும் ஓபியம் போன்ற பொருளைக் கண்டார்கள்.

1978இல் மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருது ஸ்னைடர், ஹியூஸ், கோஸ்டர்லிட்ஸ் மூவருக்கும் போயிற்று. பெர்ட்டின் பெயர் இல்லை. ஆபர்டீன் இணையில் இளையவரான ஹியூஸின் பெயர் இருந்தது. பால்டிமோர் இணையில் இளையவரின் பெயர் விடுபட்டது. பெர்ட் விருது அமைப்புக்கே கடிதம் எழுதித் தன் பங்கைச் சொன்னார். மாணவர் பெயர் விடுபடுவது வழக்கம்தானே என்று அன்று பலர் ஒதுக்கிவிட்டனர். விடாமல் கேட்டதற்காக அவரைக் குறை சொன்னவர்களும் உண்டு. அந்தச் சோதனையை ஸ்னைடர் கைவிடச் சொன்ன பிறகும் தான் தொடர்ந்து செய்ததாகப் பெர்ட் 1997இல் எழுதிய தன் நூலில் கூறுகிறார். சைமனும் டெரேனியசும் விடுபட்டார்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு சிலருக்கு மட்டும் பங்கு வைக்கும் விருதுகளின் நோய் இது.

ஸ்னைடர் நல்ல வழிகாட்டி இல்லை என்று இதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது தவறாகும். அவரிடமிருந்து வந்த காவ்ரில் பாஸ்டர்நாக், ஆன் யங், ஜோசப் காயல், டேவிட் பிரெட் போன்றவர்கள் துறையையே நடத்தியவர்கள். ஹாப்கின்சில் அவர் தொடங்கிய நரம்பறிவியல் துறைக்கு இன்று அவர் பெயர்தான். ஒரே ஆசிரியரிடம் ஒரு மாணவர் சிறகு பெற்றதாகவும் இன்னொருவர் சுரண்டப்பட்டதாகவும் உணரலாம், இருவர் சொல்வதும் உண்மையாகவும் இருக்கலாம். விருதுக் குழுவுக்கு ஒரு பக்கத்துக் கடிதங்கள் மட்டுமே போய்ச் சேருகின்றன என்பதுதான் இங்கே பிரச்சினை. வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. நார்அட்ரினலின் ஒட்டும் ஏற்பிகளை ஆராய்ந்த லெஃப்கோவிட்ஸும், 1980களில் அவரது ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக (போஸ்ட்டாக்) இருந்த பிரையன் கோபில்காவும் 2012இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

பிராடி, ஆக்சல்ராட், ஸ்னைடர், பெர்ட் என்ற இந்தச் சங்கிலியை ஷானனிலிருந்து தொடங்கி 1986இல் முழு நூலாக எழுதியவர் ராபர்ட் கனிகல். தமிழ் வாசகருக்கு அந்தப் பெயர் வேறொரு வழியில் பழக்கம்: கும்பகோணத்து ராமானுஜனின் வாழ்க்கையை 1991இல் எழுதிய அதே கனிகல். ஆய்வகப் பரம்பரையைப் பற்றி எழுதியவர் அடுத்து ராமானுஜனையும் அவரை அடையாளம் கண்ட ஹார்டியையும் தேர்ந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. திறமையை அடையாளம் கண்டு, அதை உலகம் ஏற்கும் வடிவத்துக்குக் கொண்டுவர ஒருவர் தன் பெயரைப் பணயம் வைப்பதே இரண்டு நூல்களின் மையமும்.

கதைகளை விட்டுக் கணக்குக்கு வருவோம். ஹாரியட் சக்கர்மன் 1977இல் வெளியிட்ட ஆய்வில், 1972 வரை அமெரிக்காவில் செய்த ஆய்வுக்காக நோபல் பெற்ற 92 பேரில் 48 பேர் ஏற்கெனவே நோபல் பெற்ற, அல்லது பின்னால் பெற்ற, ஒருவரிடம் மாணவராகவோ இளநிலைச் சகாவாகவோ இருந்தவர்கள் என்று காட்டினார். பெரியவர்கள் பெரியவர்களை உருவாக்குகிறார்கள் என்று இதை வாசிக்கலாம். பெரியவர்கள் தங்கள் ஆட்களைத் தூக்கிவிடுகிறார்கள் என்றும் வாசிக்கலாம். புகழ் உள்ளவருக்கே மேலும் புகழ் சேரும் என்ற விதியை 1968இல் ராபர்ட் மெர்ட்டன் எழுதியபோது, சக்கர்மன் எடுத்த நேர்காணல்களையே பெரிதும் பயன்படுத்தினார். அது இருவர் பெயரில் வந்திருக்க வேண்டிய கட்டுரை என்று பிற்பாடு மெர்ட்டனே ஒப்புக்கொண்டார். பெயர் விடுபடுவதைப் பற்றிய கட்டுரையிலேயே ஒரு பெயர் விடுபட்டிருக்கிறது!

2010இல் நேச்சர் இதழில் மால்ம்கிரென், ஒட்டினோ, அமரல் மூவரும் கணிதவியலாளர்களின் ஆசிரிய மாணவப் பரம்பரைத் தரவை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். நிறையப் பேரை உருவாக்கிய ஆசிரியர்கள், தங்கள் பணிக்காலத்தின் முதல் மூன்றில் ஒரு பங்கில் பயிற்றிய மாணவர்கள் எதிர்பார்ப்பைவிட 29 சதவீதம் அதிகமான வாரிசுகளை உருவாக்கினார்கள். கடைசி மூன்றில் ஒரு பங்கில் பயிற்றியவர்கள் 31 சதவீதம் குறைவாக. வழிகாட்டல் விருதுகள் யாருக்கு எப்போது போகின்றன என்று யோசித்தால் இந்த எண்கள் உறுத்தும். விருது வீட்டுக்கு வரும் வயதில் வழிகாட்டிய கை பெரும்பாலும் தளர்ந்துவிட்டது; அந்த விருதைப் பார்த்து அவரிடம் சேரும் மாணவர் பிந்திவிட்டார்.

நரம்பறிவியலுக்கென்றே 2005இல் ஓர் ஆசிரியப் பரம்பரை மரத்தை இணையத்தில் தொடங்கினார்கள். அது விரிந்து மற்றத் துறைகளையும் சேர்த்துக்கொண்டது. அந்தத் தரவைக் கொண்டு 2018இல் வந்த ஓர் ஆய்வு, முனைவர் பட்ட நெறியாளரைவிடப் போஸ்ட்டாக் காலத்து வழிகாட்டியின் செல்வாக்கே ஒருவரின் பிற்கால வெற்றியில் அதிகம் என்றது. இரண்டு வேறு பள்ளிகளில் கற்றதை ஒன்றாகப் பிணைத்துக்கொண்டவர்கள் நிலைத்தார்கள் என்றும் சொன்னது. கேம்பிரிட்ஜில் பட்டம் முடித்து ஆக்சல்ராடிடம் ஓராண்டு இருந்துவிட்டுத் திரும்பிய ஐவர்சன் இதற்கு அச்சான உதாரணம். அளவிடுவதில் உள்ள ஆபத்துக்கும் உதாரணம் உண்டு. பெண் வழிகாட்டிகளிடம் பயின்றால் மேற்கோள்கள் குறைகின்றன என்று 2020இல் ஒரு கட்டுரை வந்தது. கட்டுரையில் சேர்ந்து பெயர் போட்டிருந்தாலே வழிகாட்டி என்று எடுத்துக்கொண்ட கணக்கு அது. கடும் எதிர்ப்புக்குப் பிறகு அந்த ஆண்டு முடிவதற்குள் திரும்பப் பெறப்பட்டது.

விருதுகளுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் ஒரு வரியில் பார்த்துவிடலாம். நரம்பறிவியல் சங்கத்தின் ஆக்சல்ராட் பரிசுக்கு ஆதரவு தந்தது எலி லில்லி மருந்து நிறுவனம். நரம்பு திரும்ப உறிஞ்சுவதைத் தடுத்தால் மனச்சோர்வு குறையும் என்ற பாதையில் போய், ஸ்னைடர் ஆய்வகத்து முறையைக் கற்றுக்கொண்டு, ஃப்ளூவாக்செட்டினை உருவாக்கி 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நிறுவனம் அதுதான். கடன்பட்டவர் நன்றி செலுத்துவதில் தவறில்லை. பால் கிரீன்கார்ட் செய்தது இன்னும் ஒரு படி மேல் என்பேன். 2000இல் கார்ல்சன், எரிக் காண்டல் ஆகியோரோடு நோபல் பெற்ற அவர், தன் பங்குப் பணத்தைக் கொண்டு, தன்னைப் பெற்றெடுத்தபோதே இறந்துபோன தாயின் பெயரில் பெண் அறிவியலாளர்களுக்கு ஒரு பரிசை நிறுவினார். பெர்ட்டுக்கு நேர்ந்ததற்கு இந்தத் துறையிலிருந்தே வந்த நேரான பதில் அதுவாகத்தான் எனக்குப் படுகிறது.

இந்தியாவுக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. 1955இல் பிராடியின் ஆய்வகம் ரெசர்பின் என்ற மருந்து மூளையில் செரட்டோனின் என்ற நரம்புக் கடத்தியைக் காலி செய்கிறது என்று காட்டியதும், அதைத் தொடர்ந்து கார்ல்சன் டோபமினை நோக்கிப் போனதும் நவீன நரம்பு மருந்தியலின் பிறப்புச் சான்றிதழ்கள். அந்த ரெசர்பின் சர்ப்பகந்தா வேரிலிருந்து வந்தது. கணநாத சென்னும் கார்த்திக் போஸும் 1931இலேயே அதன் பயனை எழுதினார்கள். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் பிரிட்டிஷ் இதய இதழில் வெளியிட்ட கட்டுரை அதை உலகறியச் செய்தது. முதல் கட்டுரை நம்முடையது. அதைப் பின்தொடர்ந்து ஒரு பள்ளியாக வளர்க்கும் ஆய்வகமும் அதற்கு ஆள் சேர்க்கும் ஏற்பாடும் பெத்தெஸ்டாவில் இருந்தன.

2024இல் இந்திய அரசு புதிதாக அமைத்த தேசிய அறிவியல் விருதுகள் முதன்முறையாக 33 வழங்கப்பட்டன; அதில் ஒன்று சந்திரயான்-3 குழுவுக்கு. உச்ச விருதான விஞ்ஞான் ரத்னாவைப் பெற்றவர் கோவிந்தராஜன் பத்மநாபன். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஆய்வு செய்து, அதற்கே இயக்குநரானவர். கல்லீரலின் சைட்டோகுரோம் பி450 மரபணுக்கள் எப்படித் தூண்டப்படுகின்றன என்பதும் மலேரியாக் கிருமியும்தான் அவருடைய ஆய்வுகளின் நடுப்பொருள். கோல்ட்வாட்டரில் மலேரியா மருந்தில் தொடங்கி, ஆக்சல்ராட் திறந்த கல்லீரல் நொதி வரை வந்த அதே பாதை. ஆனால் அந்த விருதுத் தொகுப்பின் நான்கு பிரிவுகளிலும் சாதனைக்கு இடம் இருக்கிறது, இளையோருக்கு இருக்கிறது, குழுவுக்கும் இருக்கிறது. மாணவரை உருவாக்கியதற்கென்று தனிப் பிரிவு இல்லை. அறிவியல் அகாதெமிகள் தரும் ஆசிரியர் விருதுகள் தனியே உண்டு என்றாலும், ஆய்வக நெறியாளரின் பணி அவற்றின் மையம் அல்ல.

அப்படி ஒரு பிரிவை நாமும் தொடங்க வேண்டுமா? தொடங்கலாம், பரிந்துரை முறையை மாற்றுவதாக இருந்தால். இப்போது உலகெங்கும் உள்ள வழக்கம், பரிந்துரைப்பவரே மாணவர்களைத் தேர்ந்து கடிதம் வாங்கி இணைப்பது. ஜெயித்த மாணவர் மட்டும்தான் எழுதுவார். நம் ஊரில் நெறியாளரின் கையெழுத்து இல்லாமல் ஆய்வேடு நகராது, உதவித்தொகையும் நகராது. வேலைக்குப் போன பிறகும் அந்தக் கையெழுத்தின் நிழல் தொடரும். இந்த நிலையில் மாணவர் எழுதித் தரும் புகழுரையை எடைபோட எந்தக் குழுவாலும் முடியாது. என் யோசனை மூன்று. பெயர் முன்மொழியப்பட்டவரிடம் கடந்த பதினைந்து ஆண்டுகளில் சேர்ந்த அத்தனை மாணவர்களின் பட்டியலையும் பல்கலைக்கழகப் பதிவேட்டிலிருந்து குழுவே எடுக்க வேண்டும். பாதியில் விட்டுப் போனவர்கள் உட்பட, குழு தேர்ந்தெடுக்கும் சிலரிடம் நேரடியாக, பெயர் வெளிவராது என்ற உறுதியோடு கேட்க வேண்டும். கட்டுரைகளின் பெயர் வரிசையை ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும்: சோதனை செய்தவரின் பெயர் எங்கே இருக்கிறது, மாணவர் வெளியேறிய பிறகு அந்தக் கேள்வியைத் தன்னோடு எடுத்துப்போக விட்டாரா என்று. இது ஒரு வாரத்து வேலை. அதற்கு மனமில்லாத அமைப்பு வழிகாட்டல் விருது என்று ஒன்றை அறிவிக்காமல் இருப்பதே மேல். சாதனைக்கான விருதோடு நிறுத்திக்கொள்ளட்டும்.